புதிய தாக்குதலா, பழைய பாதிப்பா? எம்.எஸ். நோயுள்ள மனைவியை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, மருந்து கொடுப்பதையும் கைத்தாங்கலாக நடத்துவதையும் விடக் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. நேற்று வரை நடந்தவர் இன்று காலையில் கால் எழவில்லை என்று சொன்னால், நோய் புதிதாகத் தாக்கியிருக்கிறதா, அல்லது வெயிலோ காய்ச்சலோ களைப்போ பழைய பாதிப்பைக் கிளறிவிட்டிருக்கிறதா என்று பிரித்தறிவதுதான் அந்த வேலை. முன்னதற்கு ஸ்டீராய்டு மருந்து தேவைப்படலாம். பின்னதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்து அதைச் சரிசெய்ய வேண்டும். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான், மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் உள்ளவர்கள் என்பதால், இந்த முடிவுக்குத் தேவையான தகவல்களில் பெரும்பகுதி நம்மிடமிருந்துதான் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

என் மனைவி திருச்சியில் ஓர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. இந்த நோய் அவருக்கு உறுதியாகிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சிவப்பு மை ஒரு கண்ணுக்கு வெளுத்துத் தெரிகிறது என்றும், கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது என்றும் அவர் சொன்னதுதான் தொடக்கம். பார்வை நரம்பில் வீக்கம் என்று கண் மருத்துவர் சொன்னார். சிகிச்சையில் அது சரியாகிவிட்டது. அடுத்த ஆண்டு இரு கால்களும் மரத்துப்போயின. தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியே மின்சாரம் பாய்வதாகச் சொன்னார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகள் தெரிந்தன. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரைச் சோதித்த பிறகு நோயின் பெயர் உறுதியானது.

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத் தாக்குவதுதான் இந்த நோயின் அடிப்படை. மின்கம்பியின் மேலுறை ஆங்காங்கே உரிந்துபோனால் எப்படியோ அப்படி, நரம்பின் வழியே செல்லும் செய்தி தடுமாறுகிறது அல்லது நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் உறை உரிகிறதோ அதைப் பொறுத்துத் தொல்லை மாறும் என்பதால், ஒரே நோயுள்ள இருவர் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தொற்றுநோய் அல்ல. நோயாளிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு, தாக்குதல் வருவதும் பிறகு தணிவதுமாகத்தான் இது தொடங்குகிறது.

புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் குடும்பத்தாருக்கு நான் முதலில் சொல்வது, அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள் என்பதுதான். என்.எம்.ஓ. என்ற வேறொரு நோயும் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கி எம்.எஸ். போலவே தோற்றமளிக்கும். 2004-இல் இந்த எதிர்ப்பொருள் கண்டறியப்பட்ட பிறகுதான் இரண்டையும் தெளிவாகப் பிரிக்க முடிந்தது. இன்டர்ஃபெரான் போன்ற சில எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ. உள்ளவர்களின் நிலையை மோசமாக்கும் என்பதால், சிகிச்சை தொடங்கும் முன் இது தெளிவாக வேண்டும். மருத்துவரிடம் இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. நல்ல மருத்துவர்கள் விளக்கமாகவே பதில் சொல்கிறார்கள்.

இனி பிரித்தறியும் வேலைக்கு வருகிறேன். புதிய தாக்குதல் என்று நரம்பியல் மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்றால், காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில், புதிய தொல்லை ஒன்று தோன்றியோ பழைய தொல்லை தெளிவாக மோசமாகியோ குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து நீடிப்பது. முந்தைய தாக்குதலுக்கும் இதற்கும் 30 நாள்களாவது இடைவெளி இருப்பது. தாக்குதல் பொதுவாகச் சில மணி நேரத்திலிருந்து சில நாள்கள் வரை எடுத்துக்கொண்டு வளரும். வெயிலில் போய்வந்து ஒரு மணி நேரம் கண் மங்கி, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்ததும் தெளிந்தால் அது தாக்குதல் அல்ல. சில நொடிகளிலேயே வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கைகால் செயலிழப்பது போன்றவை பக்கவாதமாக இருக்கலாம், எம்.எஸ். இருக்கிறதே, அதனால்தான் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஏதேனும் மாறினால் மட்டும், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த உறுப்பு, எவ்வளவு நேரம், உடல் வெப்பம் எவ்வளவு, சிறுநீரின் நிறம் எப்படி, முந்தைய இரவு தூங்கினாரா, வெயிலில் போனாரா, மருந்து எதுவும் மாறியதா என்று எழுதுகிறோம். நன்றாக இருக்கும் நாள்களிலும் சில வரிகள் எழுத வேண்டும் என்பதை மனைவிதான் வலியுறுத்தினார். இயல்பான நாளில் கூடத்திலிருந்து வாசல் வரை சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார் என்று எழுதியிருந்தால்தான், இன்று பிடித்து நடப்பது மாற்றம் என்று சொல்ல முடியும். எழுதுவது நான், சொல்வது அவர். தன் உடலைப் பற்றிய இறுதி வார்த்தை அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஆண்டின் பாதிநாள் இந்த நோயாளிகளுக்குப் பகை வெயில்தான். உறை இழந்த நரம்பில், உடலின் உள்வெப்பம் அரை டிகிரி உயர்ந்தாலே செய்தி தடைப்படலாம். உடற்பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளின் பார்வை மங்குவதை ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் பதிவு செய்தார். இன்றும் இந்த நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முந்தைய காலத்தில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துத் தொல்லை அதிகமாகிறதா என்று பார்த்து நோயைக் கணிக்கும் வழக்கமே இருந்திருக்கிறது.

அந்தப் பரிசோதனை எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி விடியலில் தானாகவே நடந்தது. என் அம்மா மருமகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு, "வெந்நீர் நல்லா சூடா இருக்கட்டும்மா, உடம்பு வலியெல்லாம் போயிடும்" என்று அன்போடு அண்டா நிறையக் கொதிக்கக் கொதிக்க விளாவி வைத்திருந்தார். பாதிக் குளியலில் "அத்தை, கால் துவளுது" என்று குரல் வந்தது. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் கால்களில் பிடிமானமே இல்லை. ஒரு கண் மங்கலாகிவிட்டது என்றார். சாதாரணத் தண்ணீரை ஊற்றி, ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றி, மின்விசிறிக்கு நேராகப் படுக்கவைத்ததும், காலைப் பலகாரம் முடிவதற்குள் எழுந்து நடந்துவிட்டார். வெப்பத்தால் வரும் இந்தத் தளர்ச்சி நரம்பைப் புதிதாகச் சேதப்படுத்துவதில்லை என்பதை அன்று மருத்துவர் தொலைபேசியில் விளக்கியது எங்கள் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். ஆனால் அந்த நேரத்தில் குளியலறையில் தனியாக விழுந்தால் எலும்பு முறியும். எண்ணெய்க் குளியல் இன்றும் உண்டு. தண்ணீர் மட்டும் வெதுவெதுப்புக்கும் கீழே.

திருச்சியில் மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பங்குனி பிறந்ததுமே நாங்கள் நாளின் ஒழுங்கை மாற்றிவிடுகிறோம். வெளிவேலைகள் காலை ஒன்பதுக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. பகலில் வெளியே போகத்தான் வேண்டும் என்றால், புறப்படும் முன் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுக் கிளம்புகிறார். பையில் உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றும் ஈரத்துண்டும் இருக்கும். அடுப்படி வெப்பம் வெயிலுக்குக் குறைந்ததல்ல என்பதால், கேஸ் அடுப்பிலிருந்து இன்டக்சன் அடுப்புக்கு மாறினோம். காற்று வருகிற சன்னலருகே உயரமான முக்காலி போட்டு, நறுக்குவதும் தாளிப்பதும் உட்கார்ந்தபடியே நடக்கின்றன. காற்று வறண்டிருக்கும் நாள்களில் ஏர் கூலர் போதும்; புழுக்கமான நாள்களில் அது உதவாது, படுக்கையறை ஏ.சி.தான் வழி. மின்தடை வந்தால் ஒரு மின்விசிறியாவது ஓட இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். இந்த நோய்க்கு ஏ.சி. ஆடம்பரம் அல்ல, மருத்துவச் செலவு என்றே நான் கருதுகிறேன்; மாதக் கணக்கில் அதை அப்படித்தான் எழுதுகிறேன்.

வெயிலுக்கு அடுத்தபடியாக ஏமாற்றுவது சிறுநீர்த்தொற்று. பொதுவாக நீர்க்கடுப்பு என்றால் எரிச்சல் இருக்கும், அடிவயிறு வலிக்கும். உணர்ச்சி குறைந்துபோன எம்.எஸ். நோயாளிக்கு அந்த எரிச்சலே தெரியாமல் போகலாம். அதற்குப் பதிலாகக் கால் பலவீனமாகும், தசை இறுக்கம் கூடும், மந்தமாக இருக்கும். ஒரு நாள் காலையில் என் மனைவியால் கட்டிலிலிருந்து எழவே முடியவில்லை. தெர்மாமீட்டர் 100 டிகிரிக்குச் சற்றே மேல் காட்டியது. சிறுநீர் கலங்கலாக இருந்தது, வாடையும் மாறியிருந்தது. உறவினர்கள் எல்லோரும் உடனே ஸ்டீராய்டு ஏற்றச் சொல்லி அழைத்துப்போக வேண்டும் என்றார்கள். நோட்டைப் பார்த்தபோது முந்தைய இரண்டு நாள்களாக அவர் அடிக்கடி கழிவறைக்குப் போனதும், போயும் முழுதாகக் கழியவில்லை என்று சொன்னதும் எழுதியிருந்தன. நரம்பியல் மருத்துவர் சிறுநீர் கல்ச்சர் எடுக்கச் சொன்னார். மாதிரி கொடுத்த பிறகு ஆன்டிபயாடிக் தொடங்கினார். காய்ச்சல் இறங்கிய பின் கால்களின் பலம் படிப்படியாகத் திரும்பியது. தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று பெருகும் அபாயம் உண்டு. எனவே திடீர்ப் பலவீனம் எதுவாயினும் முதலில் உடல் வெப்பம், பிறகு சிறுநீர்ப் பரிசோதனை என்பது எங்கள் வீட்டு விதி.

சிறுநீர்ப்பைத் தொல்லையைப் பற்றிப் பலர் வெளியே பேசுவதில்லை, ஆனால் வீட்டை அதிகம் வருத்துவது அதுதான். இரண்டு வகையாக வரும்: அடக்க முடியாத அவசரம் ஒன்று, முழுதாகக் கழியாமல் தேங்குவது மற்றொன்று; இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். அவசரத்தைத் தணிக்கும் மாத்திரைகள் தேக்கத்தை அதிகமாக்கிவிடக்கூடும். அதனால் மாத்திரை தொடங்கும் முன், சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்கேனில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். தேக்கம் அதிகம் என்றால், மெல்லிய கதீட்டர் குழாயைத் தாமே செலுத்திக் கழித்துவிட்டு எடுத்துவிடும் முறையைச் செவிலியர் கற்றுக்கொடுப்பார்கள். கேட்கும்போது அச்சமாக இருக்கும்; பழகிய பிறகு என் மனைவிக்குப் பள்ளி நேரம் முழுவதும் நிம்மதியாக இருக்க முடிந்தது இதனால்தான். கையைச் சோப்பால் நன்றாகக் கழுவுவதும், மருத்துவர் சொன்ன இடைவெளியைத் தவறவிடாமல் இருப்பதும்தான் இதில் முக்கியம். நிரந்தரமாகக் குழாய் பொருத்திப் பையில் சேகரிப்பதைவிட இதில் தொற்று குறைவு.

துணி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுபவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள். அது தொல்லையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அடர்ந்த சிறுநீர் பையை மேலும் எரிச்சலூட்டும், தொற்று வரும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பகலில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பிரித்துக் குடித்துவிட்டு, இரவு ஏழு மணிக்குப் பிறகு குறைத்துக்கொள்வது எங்களுக்குச் சரியாக இருக்கிறது. காபி, டீயைக் குறைத்ததும் அவசரம் குறைந்தது. பயணத்தின்போது எந்த இடத்தில் சுத்தமான வெஸ்டர்ன் கழிவறை இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுத்தான் புறப்படுகிறோம். திருமணங்களுக்குப் போனாலும் மண்டபத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிடுகிறேன். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

களைப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்கு மதிப்பும் கிடைப்பதில்லை. "நல்லாத்தானே இருக்கீங்க, கொஞ்சம் நடந்தா சரியாயிடும்" என்று பார்க்க வருகிறவர்கள் சொல்லும்போது என் மனைவியின் முகம் வாடுவதை நான் கவனித்திருக்கிறேன். வேலை செய்து வரும் அலுப்பு வேறு, இது வேறு; நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும், பிற்பகலில் திடீரென்று கை தூக்க முடியாத அளவுக்கு வந்து அமுக்கும். அவருடைய நல்ல நேரம் காலை ஆறு முதல் பதினொன்று வரை. அந்த நேரத்தை வீட்டு வேலை தின்றுவிடக் கூடாது என்பதற்காக, துணி துவைப்பது, கூட்டிப் பெருக்குவது, மகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் என் பொறுப்பாயின. தலைக்குக் குளிப்பதே பெரிய உழைப்பு என்பதால் அதை மாலைக்கு மாற்றினோம். அதே நேரத்தில், அவரால் செய்ய முடிந்ததை நாம் பறித்துக்கொள்வதும் தவறு. சட்டையின் பித்தான் மாட்ட அவருக்கு நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் களைப்பைக் கூட்டும் என்பதால், அவற்றையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

தசை இறுக்கத்துக்குப் பாக்லோஃபென் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இதில் இரண்டு செய்திகளைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். ஒன்று, இறுக்கம் முழுதும் போய்விட்டால் நல்லது என்று அளவைக் கூட்டக் கூடாது. பலவீனமான கால் நிற்பதற்கு அந்த இறுக்கத்தின் ஒரு பகுதிதான் ஊன்றுகோலாக உதவுகிறது, மாத்திரை கூடினால் கால் தொளதொளத்துவிடும். மற்றொன்று, இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்பே இருப்பைச் சரிபார்த்துவிட வேண்டும். இரவில் கால் வெட்டி இழுப்பது வழக்கத்தைவிட அதிகமானால், மாத்திரையை மாற்றச் சொல்வதற்கு முன் நாங்கள் வேறு சிலவற்றைப் பார்க்கிறோம்: சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, மலம் கழிந்ததா, கால் நகம் சதையில் குத்துகிறதா, இடுப்பு நாடா இறுக்கமாக இருக்கிறதா, எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று. வலி மூளைக்குத் தெரியாவிட்டாலும் தசை அதற்கு எதிர்வினை காட்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த நீட்டல் பயிற்சிகளைக் குளிர்ந்த அறையில், மின்விசிறிக்கடியில் அன்றாடம் செய்கிறோம்.

வீட்டைப் பொறுத்தவரை, பணம் குறைவாக இருந்தால் முதலில் குளியலறையில் செலவழியுங்கள். சொரசொரப்பான தரை ஓடு, கழிவறைக்குப் பக்கத்துச் சுவரில் ஆழமாகப் பதித்த எஃகுக் கைப்பிடி, பிளாஸ்டிக் நாற்காலி, வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு ஆகியவை போதும். உள்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால், விழுந்தவரின் உடலே அதைத் திறக்க விடாமல் தடுத்துவிடும். கால் எங்கே இருக்கிறது என்ற உணர்ச்சி குறைந்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் நிலைகொள்கிறார்கள். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடிய நொடியில் சாய்ந்துவிடுவார்கள். ஆகவே முகம் கழுவுவதும் உட்கார்ந்துதான். இரவில் கட்டிலிலிருந்து கழிவறை வரை சிறு விளக்கு எரிய வேண்டும். ரப்பர்ச் செருப்பு காலிலிருந்து நழுவியதே தெரியாது என்பதால், குதிகாலில் வார் உள்ள செருப்பு. கைத்தடியைப் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். சக்கர நாற்காலியில் நெடுநேரம் இருப்பவர்கள் அரை மணிக்கொரு முறையாவது எடையை மாற்றி உட்கார வேண்டும். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் போட வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களை அன்றாடம் வெளிச்சத்தில் பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்தால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. தாக்குதலின்போது ரத்தக்குழாய் வழியே மூன்று முதல் ஐந்து நாள்கள் ஏற்றப்படும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, குணமாவதை விரைவுபடுத்துமே தவிர நோயின் போக்கை மாற்றாது. அந்த நாள்களில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வாயில் உலோகச் சுவை இருக்கும், சர்க்கரை ஏறும். வீட்டார் அறிந்திருந்தால் சண்டையைத் தவிர்க்கலாம். நோயின் போக்கை மாற்றுபவை நீண்டகால மருந்துகள்தான். முதலில் என் மனைவிக்கு வாரம் ஒரு முறை இன்டர்ஃபெரான் ஊசி. போட்ட இரவு குளிர்காய்ச்சல் போல வரும் என்பதால், வெள்ளி இரவில் பாரசிட்டமால் கொடுத்துவிட்டுப் போடுவோம். சனி, ஞாயிறு ஓய்வு. அந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. பிறகு வந்த ஒரு தாக்குதலுக்குப் பின், நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவைக்கும் ரிட்டுக்சிமேப் மருந்துக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை மருத்துவமனையில் ஏற்றுகிறார்கள். அதைத் தொடங்கும் முன் மஞ்சள் காமாலை பி வைரஸ், காசநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை கட்டாயம். தடுப்பூசிகளையும் முன்பே முடித்துவிட வேண்டும். அதன் பிறகு வீட்டில் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அவரிடமிருந்து விலகியே இருக்கிறோம்.

நோயை முற்றிலும் குணப்படுத்துகிறேன் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த நோய் தானாகவே தணியும் இயல்புடையது என்பதால், அந்தத் தணிவு யாருடைய மருந்துக்கும் வெற்றியாகத் தோன்றும். நீண்டகால மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். நிறுத்திய பிறகு வரும் தாக்குதல் விட்டுச் செல்லும் பாதிப்பு திரும்பாமலே போகலாம்.

மனதையும் நினைவாற்றலையும் இந்த நோய் தொடும் என்பதை எங்களிடம் யாரும் முதலில் சொல்லவில்லை. தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பின்தொடர முடியாது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒருவர் ஒருவராகப் பேசுவது என்று வீட்டில் வழக்கமாக்கினோம். மனச்சோர்வும் இந்த நோயில் மிகுதி. அதை மன உறுதியின்மை என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் மருந்து இருக்கிறது. என் மகள் ஒரு நாள், "அப்பா, எனக்கும் வருமா?" என்று கேட்டாள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில்தான் என்று மருத்துவர் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். பிள்ளைகளுக்கு மறைப்பதைவிட எண்ணைச் சொல்லிவிடுவது மேல்.

வேலையைப் பற்றி அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் பட்டியலில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸைப் பெயர் குறிப்பிட்டே சேர்த்திருக்கிறது. பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது, அந்தப் பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது அதன் 20-ஆம் பிரிவு. எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுகூட இல்லை. தரைத்தளத்தில் வகுப்பறை, காலை வேளையில் பாடங்கள், உட்கார்ந்து கற்பிக்க அனுமதி ஆகியவைதான். தலைமையாசிரியர் மனமுவந்து செய்துகொடுத்தார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவக் குழுவின் முன் போகும்போது ஸ்கேன் அறிக்கைகளோடு நோட்டையும் எடுத்துப்போங்கள். நல்ல நாளில் பார்க்கும் மருத்துவருக்குக் கெட்ட நாள் எப்படி இருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால்தான் பல சலுகைகளைப் பெற முடியும். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். 1985-இல் தொடங்கப்பட்ட மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இதே நோயுள்ள குடும்பங்களோடு பேசுவது எங்களுக்குப் பெரும் துணையாக இருந்தது.

பார்த்துக்கொள்பவரின் முதுகும் காக்கப்பட வேண்டும். விழுந்தவரை அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தூக்கக் கூடாது. அவருடைய தோள்மூட்டும் நம் முதுகும் சேர்ந்தே கெடும். அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அருகில் நாற்காலியை வைத்து, மண்டியிட்டு எழ உதவ வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் கரூரிலிருந்து மனைவியின் அக்கா வந்து தங்குகிறார். அந்த நாள்களில் நான் வீட்டுப் பொறுப்பிலிருந்து முழுதாக விலகிக்கொள்கிறேன், அவர்கள் இருவரும் அதையே விரும்புகிறார்கள். நான் இல்லாத நேரத்தில் எது நடந்தாலும் பார்ப்பதற்காக, பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். நோயின் பெயர், மருந்துகளும் அளவுகளும், ரிட்டுக்சிமேப் கடைசியாக ஏற்றிய தேதி, ஒவ்வாமை, நரம்பியல் மருத்துவரின் எண், பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற குறிப்பு, திடீர்ப் பலவீனம் வந்தால் முதலில் காய்ச்சலும் சிறுநீரும் பார்க்க வேண்டும் என்ற வரி எல்லாம் அதில் உண்டு. மருந்து மாறும்போதெல்லாம் பழைய தாளைக் கிழித்துவிட்டு, தேதியிட்டுப் புதிதாக எழுதி ஒட்டுகிறார் என் மனைவி.